நாற்பத்தாறு ஹேர்ட்ஸ்

"பிக்கப்பா? இந்தப் பெட்டிக்குள்ளயா?"
தபால் கந்தோரில் பார்சல் பிரிவுக்காரர் சிரித்தார்.
நாலு சக்கரமும் எங்கே என்று
காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.
காந்தம், செம்புக் கம்பி, மெழுகு என்றேன்.
"வெடிக்காதே?"
வெடித்தால்தான் கட்டிய காசுக்குப் பெறுமதி.
சுங்கத்துக்கு மட்டும் நாலாயிரத்து இருநூறு.

பெனடிக் தோஹா போனதும்
எங்களிடம் பாஸ் இல்லாமல் போனது.
ஹட்டனில் பாஸ் வாசிக்க இருந்தவன் ஒருத்தன்,
அவனும் விமானம் ஏறிவிட்டான்.
ஆகவே எட்டுக் கம்பிக் கிட்டார்.
வெள்ளவத்தையில் வாங்கியது, நான்காவது கை நான்.
கழுத்து என் உள்ளங்கைக்குக் கொஞ்சம் அகலம்.
எட்டாவது கம்பி
உடுப்புக் காயப்போடும் கொடி மாதிரித் தடிப்பு.

தட்டினால் அதில் வந்தது சுரமில்லை,
ஈரச் சாக்கைச் சீமெந்தில் இழுக்கிற சத்தம்.
சாமர டிரம்ஸை நிறுத்திவிட்டு
"அக்கே, லொறி வந்துச்சா?" என்பான்.
காந்தம் சரியில்லை என்பேன்.
இரண்டு வருஷம் அதையே சொன்னேன்.

பழைய பிக்கப்புக்கு இன்னொரு குணம்.
மெழுகு ஊற்றாத சுருள், பேச்சையும் பிடிக்கும்.
குனிந்து "டேய்" என்றால்
அம்ப் "டேய்" என்னும்.
கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் அதையும் வாசிக்கும்.
ஒருநாள் கீழ்க்கடை ரபாய்தீன்
மாடிக்கு வந்து யாருக்கோ போனில் டிஸ்பிளே விலை சொல்ல
பதினெட்டாயிரம் என்று
எங்கள் பாட்டின் நடுவில் கேட்டது.

போயா தினம். கடை பூட்டு.
சோல்டர் அயனையும் சாவியையும் தந்துவிட்டுப் போயிருந்தார்.
கம்பி எட்டையும் கழற்றினேன்.
புதியது குழியைவிட இரண்டு மில்லிமீட்டர் பெரிது.
இரண்டே இரண்டு.
உளியால் சுரண்டச் சுரண்ட
உயிர் போன போன்களின் மேல் மரத்தூள் படிந்தது.

சிவப்பையும் வெள்ளையையும் முறுக்கி டேப் சுற்று.
கறுப்பு சுவிட்சுக்கு.
பச்சையும் வெறுங்கம்பியும் எர்த்துக்கு.
எர்த் என்பது இங்கே
வொல்யூம் பொட்டின் முதுகு.
அதில் ஈயம் ஒட்டவில்லை, உருண்டு உருண்டு விழுந்தது.
நமக்கு நிலம் லேசில் கிடைக்குமா என்றேன் சத்தமாக.
லயத்தில் பிறந்தவளின் பகிடி,
கேட்கத்தான் ஆளில்லை.
ஏழு பேர்ச் கேட்டு அப்பா எழுதிய கடிதங்கள்
ஒரு பிஸ்கட் டின் நிறைய.
இதற்கு ஒரு சொட்டுப் போதும்,
அந்தச் சொட்டு ஒட்டும்போது கரண்ட் போனது.

ஒன்றரை மணிநேரம்.
மூட்டம் ஜன்னலில் ஏறி இறங்கியது.
வந்ததும் செருகினேன்: உர்ர்ர்.
விரல் கம்பியில் பட்டதும் அடங்கியது.
கடைசி எர்த் வயர் நான்தான் போல.

பிறகு எட்டாவது.
சாக்கு இல்லை. லொறி இல்லை.
அடியில் நின்ற ஒரு சுரம்,
விளிம்பு தெரிய.
கோர்டு பிடித்தால் அதற்குள்
ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நின்றது.
"டேய்" என்று குனிந்து சொன்னேன்.
அம்ப் கேட்டுக்கொள்ளவில்லை.
மழை வந்தது, அதையும் விட்டுவிட்டது.

மற்றதையெல்லாம் சொன்னது.
நாற்பத்தாறு ஹேர்ட்ஸில்
ஜன்னல் கண்ணாடி ஒன்று கடகடக்கிறது.
மக்கு உதிர்ந்து எத்தனை நாளோ.
பழைய சத்தத்தில் அதுவும் ஒளிந்திருந்திருக்கிறது.

ஒரு நிமிஷம் பதிவு செய்து தோஹாவுக்கு அனுப்பினேன்.
அவன் டியூட்டி முடிந்து வர
இங்கே இரவு பன்னிரண்டு தாண்டிவிட்டது.
"சவுண்ட் சுப்பர்.
ஆறாவது பாரில் சின்ன விரல் லேட்டு."
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
"அப்பவும் லேட்டுதான். நான் மறைச்சு வாசிச்சேன்."

மூன்று தரம் வாசித்தேன், கிட்டாரை இல்லை.

பிறகு சுங்க ரசீதை எட்டாக மடித்துக்
கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினேன்.
அம்பைக் குறைத்து ஹெட்போனை மாட்டி
காலால் எண்ணினேன்.
ஆறாவது பாரிலிருந்து.