கழிவு போக

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
பாமசிக்கு மேல்மாடி.
சுவரெல்லாம் முட்டைத் தட்டு, ஜன்னலுக்கு இரண்டு மெத்தை.
அப்படியும் பதுளை ரயில் உள்ளே வந்துவிடும்,
யாரும் கூப்பிடாத சாக்ஸபோன்காரன் மாதிரி.

சிவப்புப் பொத்தானை அமுக்குகிறவன் நான்.
இந்த அல்பத்தில் என் பங்கு அவ்வளவுதான்;
ஹெயார் டிரையரையும் சேர்த்தால் கொஞ்சம் கூட.
மூடிப்போன துரைமார் கிளப்பில் ஏலத்துக்கு எடுத்த பியானோ.
பனி இறங்கினால் நடுவில் ஒரு கட்டை
அமுங்கியது அமுங்கியபடியே கிடக்கும்.
ஒவ்வொரு டேக்குக்கும் முன்னால்
அதற்குச் சூடு காட்டுவேன்,
சுளுக்கிக்கொண்ட காலுக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல.

பிரிசில்லா, நுவரெலியா ஹோட்டலில்
சூப்புக்கும் புடிங்குக்கும் நடுவில் ஆறு வருசம் வாசித்தவள்.
கரண்டிச் சத்தத்தை மிஞ்சாமல் இருக்கப் பழகிய விரல்.
"ஜாஸ்னா என்னா?" என்று கேட்டேன்.
"பிழையான கட்டையில விழுந்திட்டா
அடுத்த கட்டையால அதச் சரியாக்குறது."
"அடுத்ததும் பிழைச்சா?"
"அப்ப அது ஸ்டைல்."

லோகிதனுக்கு வெள்ளவத்தையில் துணிக்கடை வேலை.
சனி இரவு பஸ் ஏறி, ஞாயிறு விடியும்போது
கண்ணெல்லாம் சிவந்து படியேறுவான்.
மைக்குக்கு முன்னால் அவன் பெயர் 'அரைப்பேர்'.
கொழுந்து குறைந்த நாட்களில்
அவன் அம்மாவுக்குச் செக்ரோலில் விழுந்தது.
அதையே வாடகையில்லாமல் எடுத்துக்கொண்டேன் என்பான்.

ஐந்து பாட்டு முடிந்தது.
ஆறாவதில் சண்டை.

பதினெட்டு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தான்.
அவள் பியானோ மூடியில் தட்டித் தட்டி எண்ணினாள்.
"ஒரு சுத்துக்குப் பதினாறுதான். ரெண்டக் கழி."

ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தான்.
மெதுவாகத்தான் வைத்தான். அதுதான் பயமாக இருந்தது.

"பதினெட்டுக் கிலோ எடுத்தா
சாக்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு,
எழுதுறது பதினாறு.
அது தராசுக்காரன் கணக்கு.
இப்ப ஒங்கிட்டயுமா?"

பிரிசில்லாவின் அப்பா ஸ்டேசனில் டிக்கட் கொடுத்தவர்.
பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தபடி பல் விளக்கியவள்,
ஒரு நாளும் நிறுவைக் கொட்டிலுக்குள் போனதில்லை.
எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை.
தேத்தண்ணி வாங்கிவரப் போனேன்.
(வேறு எதையாவது வாங்கியிருக்கலாம்.)

திரும்பி வந்தபோது இரண்டு பேரும் பேசவில்லை.
அவள் இடது கையால் மட்டும்
ஏதோ இறக்கம் இறங்கிக்கொண்டிருந்தாள்,
மழைக்கு வழுக்கும் படிக்கட்டில்
கூடையோடு வருகிற நடை.
அவன் தலை அதற்கு ஆடியது. வாய் ஆடவில்லை.
"போடுங்கண்ணே" என்றாள். போட்டேன்.

பதினாறு வரி சொன்னான்.
பதினேழில் அவள் இரண்டு கையையும் தூக்கினாள்.
பீட்டையும் நிறுத்தச் சொல்லி எனக்குக் கண்ணைக் காட்டினாள்.
பதினேழு. பதினெட்டு.
எதுவும் இல்லை.
எதுவும் என்றால்:
தகரத்தில் மழை, பெடலின் ஒரு கீச்சு,
அவன் எச்சில் விழுங்கியது.
பிறகு அவள் விழுந்தாள் பாருங்கள்,
பத்து விரலும் ஒன்றாக,
அந்த ஈரக் கட்டை உட்பட.

அந்த இரண்டு வரிகளும் என்னவென்று
இன்று வரை என்னிடம் சொல்லவில்லை.

கொழும்புக் கம்பனியிலிருந்து கேட்டார்கள்,
ஆறாவதில் ஆறு விநாடி செத்துக் கிடக்கிறதே, வெட்டிவிடவா?
தொடவேண்டாம் என்று எழுதினேன்.
காரணம் கேட்டார்கள்.
சாக்கின் எடை என்று எழுதி, அழித்து,
'ஆர்ட்டிஸ்டின் விருப்பம்' என்று அனுப்பினேன்.

போன ஞாயிறு லோகிதன் சொன்னான்:
பீலிக்கரையில் வைத்து அம்மாவுக்குப் போனில் போட்டுக் காட்டினானாம்.
அந்த ஆறு விநாடியில் அம்மா போனைத் தட்டிப் பார்த்தாளாம்.
முழுக்கக் கேட்டாளாம்.
நல்லது, கெட்டது ஒன்றும் சொல்லவில்லை.
"மொத்தம் எத்தன நிமிசம்?"
"நாலரை."

வாளியைத் தூக்கிக்கொண்டு கேட்டாளாம்,
"கழிவு போகவா?"