ஐந்து விநாடி

மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுகிறவன் நான்.
ஐந்து விநாடி கிடைத்தால்
இரண்டு காளைக் கன்றுகளை விற்றுச்
சுத்தியலையும் தட்டிவிடுவேன்.
மேயோவின் மேற்குக் கரையில்
என் நாக்கைவிட வேகமாக ஓடுவது
மழை மட்டும்தான் என்பார்கள்.

மிஸ் டுவோமி சொன்னார்:
"சொல்லில் சிக்கிக்கொண்டால்
உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.
ஐந்து வரை எண்ணுங்கள்."

மகளுக்குப் பெயர் கீலின்.
எழுதினால் பதினொரு எழுத்து,
பாதிக்கு மேல் வாயே திறக்காது.
பெயர் வைத்தவரை அவள் இன்னும் மன்னிக்கவில்லை.
வைத்தவன் நான்.

இரவு ஏழரை. உருளைக்கிழங்குத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு
மேசையில் புத்தகம்.
விரல் ஊர்கிறது. நிற்கிறது.
என் தொண்டையில் அந்தச் சொல்
கதவை முட்டும் காளை.
ஒன்று.
படத்தில் குதிரை நிற்கிறது; "குதிரை" என்று சொல்லிப் பார்க்கிறாள்.
இரண்டு.
என் உதடு பிரிகிறது.
மேசைக்கடியில் நோரின் என் காலை மிதிக்கிறாள்.
மூன்று.
குழாய் சொட்டுகிறது.
நான்கு...
"நைட்!"

"நடுவுல இந்த ரெண்டு எழுத்தும் ஏம்பா பேசல?"
நான் யோசிப்பதற்குள் அவளே சொன்னாள்:
"ராத்திரி இல்லையா, தூங்குதுங்க."
அடுத்த பக்கத்தில் லைட்.
அதே இரண்டு எழுத்து, அதே தூக்கம்.
"வெளக்கு எரியுதே, இப்பவுமா?"
பதினெட்டு வருடம் ஏலம் விட்ட வாய்க்கு
விலை சொல்லத் தெரியவில்லை.

வியாழக்கிழமை சந்தை.
டோமினிக் ஹெராட்டி வழக்கம்போல் ரசீதை நீட்டினார்.
"கண்ணாடிய மறந்துட்டேன், என்ன போட்டிருக்கு?"
பன்னிரண்டு வருடமாக மறக்கிறார்.
அவர் மூக்கில் கண்ணாடி அழுத்திய தடத்தை
ஒருநாளும் நான் கண்டதில்லை.
கண்டதில்லை என்பதையே அன்றுதான் கண்டேன்.

எப்போதும் கடகடவென்று ஒப்பித்துவிட்டு ஓடுவேன்.
அன்று அவர் பெயருக்குக் கீழே விரலை வைத்தேன்.
நகர்த்தினேன், மெல்ல.
லாரி நிற்கிறதென்று பின்னால் யாரோ கத்தினார்கள்.
ஹெராட்டி தொகையைக் கேட்கவில்லை.
என் நகத்தின் பின்னாலேயே வந்தார்,
ஈரத் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

வீட்டில் கீலின்
ஏலப் பட்டியலின் பின்பக்கத்தில்
தன் பெயரை எழுதுகிறாள்.
பத்து எழுத்து வந்துவிட்டது.
பென்சில் காற்றில் நிற்கிறது.
ஒன்று.
இரண்டு.