குறிப்பு என்ற கட்டம்

ஏழாம் இலக்கக் கண்காணிப்புக் கிணற்றுக்கு மூடி இல்லை.
போன வருஷம் பழைய இரும்பு வாங்குகிறவன்
கழற்றிக்கொண்டு போனான்.
இப்போது ஒரு தகரம், அதன்மேல் ஒரு கல்.
கல்லை நகர்த்தி,
அளவுநாடாவின் நுனியில் வெண்கட்டி தேய்த்து
இருட்டுக்குள் இறக்குகிறேன்.
வெண்கட்டி எங்கே கரைந்ததோ
அங்கே தண்ணீர்.
மாதம் ஒருமுறை, பதினொரு கிணறுகள்.
என் வேலை இவ்வளவுதான்.

மூன்று மீற்றர் பதினெட்டு.
போன ஆகஸ்டில் இரண்டு அறுபது.

கச்சான் தோட்டத்து இசுமாலெவ்வைக் காக்கா
சைக்கிளை நிறுத்திக் கேட்பார்:
"தண்ணி எங்க நிக்குது மகள்?"
சொல்வேன்.
"அப்ப இன்னொரு குழாய் எறக்கணும்."
சொல்லிவிட்டு மிதித்துப் போவார்,
நான் அவருக்கு வழி காட்டியதுபோல.

கிணற்றிலிருந்து இருநூறு அடி நடந்தால்
பன்னங்கரை வில்லு.
நாற்பத்திரண்டு எல்லைக் கற்கள்,
பச்சைப் பூச்சு, வெள்ளை இலக்கம்.
காய்ச்சலில் மெலிந்தவளின் விரலில்
மோதிரம் கழன்று சுற்றுவதுபோல
கற்களுக்குள் வில்லு.
பன் பழுத்துச் சாய்ந்த இடத்தில்
கிண்ணைக் கன்று ஒன்று.
அதை யாரும் நடவில்லை.
நல்ல தண்ணீர் எழுந்துபோன கதிரையில்
கடல் வந்து உட்கார்ந்திருக்கிறது.
சேற்றைக் கிளறிப் பனையான் பிடிக்கும் பையன்களுக்கு
இந்த வருஷம்தான் நல்ல வருஷம்.

அட்டாளைச்சேனையில் முகாமைத்துவக் கூட்டம்.
ஆற்றுவாழை அள்ள இயந்திரம்,
பறவை பார்க்கக் கோபுரம்,
மிதிபடகு நாலா ஆறா,
பற்றிஸ், பால்தேநீர்.
நான் எழுந்து கிணறு என்றேன்.
"அது வேற திணைக்களம் தங்கச்சி."
மேலே தெரியும் தண்ணீருக்கு ஒரு கோவை,
கீழே கிடக்கும் தண்ணீருக்கு இன்னொன்று.
பிரதி
தண்ணீருக்கு அனுப்பப்படவில்லை.

பிறகு,
பத்தொன்பதாம் திகதி இரவு
ட்ரான்ஸ்போமர் வெடித்தது.
மூன்று நாள்.
ஐஸ் தொழிற்சாலை நின்றது.
தோட்டத்து மோட்டர்கள், பள்ளிவாசல் மோட்டர்,
முந்நூறு வீட்டு மோட்டர்கள்.
வாளியோடு வரிசையில் நின்று
மின்சார சபையைத் திட்டியவர்களில்
நானும் ஒருத்தி.

மூன்றாம் நாள் அசருக்குப் பிறகு
அளக்கும் நாள் இல்லை, ஆனாலும் போனேன்.
வெண்கட்டி முன்னதாகவே கரைந்திருந்தது.
நம்பாமல் துடைத்து, தேய்த்து,
மறுபடி இறக்கினேன்.
நாலு விரல்.
நாலு விரல் ஏறியிருந்தது.

வில்லின் ஓரத்தில்
வெடித்த சேற்றின் கீறல்களுக்குள்
மை ஊறியதுபோல் கறுப்பாய் ஓர் ஈரம்.
ஒரு தவளை கத்தியது.
பதிலுக்கு இடம் விட்டு நிறுத்தியது.
மறுபடி கத்தியது.

இரவு ஏழே முக்காலுக்குக் கறண்ட் வந்தது.
ஊர் ஓவென்று கூவியது.
கூவியவர்களில் நானும்.
எங்கள் வீட்டு மோட்டர் ஆளியை
முதலில் அமுக்கியதும் நான்தான்.
கூரைக்கு மேலே தொட்டி நிறையும் சத்தம்
அன்றைக்குத்தான்
எனக்கு முழுதாகக் கேட்டது.

படிவத்தின் கடைசியில்
குறிப்பு என்றொரு கட்டம், தீப்பெட்டி அளவு.
எழுதினேன்:
மூன்று நாள் மின்சாரம் இல்லை.
வில்லு வந்து பார்த்துவிட்டுப் போனது.

குலேந்திரன் சேர் போன் எடுத்தார்.
"முதல் வரி இருக்கட்டும் ஹபீலா.
மற்றதை வெட்டுறன்."
கொஞ்சம் பொறுத்து,
"உண்மையா நாலு விரலா?" என்றார்.

நேற்றுப் பேனை எழுதவில்லை.
ஏழாம் கிணற்றின் அளவை
வெண்கட்டியால் உள்ளங்கையில் குறித்துக்கொண்டு வந்தேன்.
மூன்று மீற்றர் இருபத்தொன்று.
வீட்டுக்கு வந்ததும், பழக்கத்தில்,
குழாயைத் திறந்து
கையைக் கழுவிவிட்டேன்.