மூன்று

குப்புறப் படுத்திருக்கிறார் திஹோமிர்,
ரியேக்கா கப்பல் பட்டறையின் வெல்டர்.
மேசைத் துளைக்குள் முகம்;
பேசுவதெல்லாம் தரையோடு.

"கையைப் பக்கவாட்டில் நீட்டுங்கள்.
கட்டைவிரல் கூரையைப் பார்க்கட்டும்.
நான் அழுத்துவேன், விடாதீர்கள்."

இடது கை விடவில்லை.
நெவென்காவின் மணிக்கட்டுதான் நடுங்குகிறது.
இன்றைக்கு இவர் பதினோராவது ஆள்.
ஐந்து என்று எழுதுகிறாள்;
அதில் தன் களைப்பு எவ்வளவு என்று எழுத
அட்டையில் கட்டமில்லை.

வலது.
சரியாக மூடாத இழுப்பறைபோல்
முதுகிலிருந்து துருத்துகிறது தோள்பட்டை எலும்பு.
உள்விளிம்பில் ஒரு விரலை வைத்துக் காத்திருக்கிறாள்.
தோலுக்கடியில் ஏதோ
வரட்டுமா என்று கேட்டுவிட்டு
வருகிறது.

கை எழுகிறது. நிற்கிறது.
வெளியே புரா காற்று கண்ணாடியை உலுக்குகிறது.
இவள் இரண்டே விரல்தான் வைத்தாள்,
சரிந்துவிட்டது.

"எவ்வளவு?"
"மூன்று."
"அப்படியென்றால்?"
"பூமி இழுப்பதைத் தாங்குகிறது.
என்னைத் தாங்கவில்லை."

துளைக்குள்ளிருந்து சிரிப்பு, மேசை குலுங்குகிறது:
"என் மனைவியும் இதையேதான் சொல்லிவிட்டுப் போனாள்,
விரல்கூட வைக்காமல்."

"இன்னொரு தடவை தூக்குங்கள்."
இம்முறை ஒற்றை விரல்.

நிற்கிறது.

மூன்றுக்குப் பக்கத்தில்
பென்சிலால் ஒரு கூட்டல் குறி.