கழிவு போக

விண்ணப்பத்தில் 'பொழுதுபோக்குப் பிரிவு' என்ற கட்டத்தில்
டிக் போட்டபின்னும் பேனாவை மூடவில்லை.
லீ பஜார் மஞ்சள் மண்டியில் எடை எழுதுகிறவனுக்குப்
பொழுது எப்போதும் தானாகத்தான் போயிருக்கிறது.
போக்கியதில்லை.

படகு ஏற்காட்டில் கிடந்தது,
லாட்ஜ் ஒன்றின் பின்புறம்,
மழைத்தண்ணீரும் சில்வர் ஓக் சருகும் நிரம்பி
தவளைகளுக்கு வாடகைக்கு விட்ட மாதிரி.
கனூ என்றார் வாட்ச்மேன்.
நாலாயிரத்து ஐந்நூறு என்றார் முதலாளி.
டெம்போவின் தலையில் கட்டி இறக்கினோம்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அதன் மூக்கு பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது.
"இதுக்குமேல தண்ணி என்னத்தப் பண்ணிரும்"
என்றான் செங்கோட்டுவேல்.

அவன் முன்னால் உட்காருவான்.
கொண்டலாம்பட்டியில் பைக் மெக்கானிக், தொண்ணூற்றிரண்டு கிலோ.
நான் பின்னால், அறுபத்தொன்று.
ஆட்கள் போனபிறகு மண்டித் தராசில்
செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்று பார்த்தது.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
போடப்போவது என்னை.

முதல் ஞாயிறு பூலாம்பட்டித் துறையில்
படகு மூக்கால் குடித்தது.
இரண்டாம் ஞாயிறு
எனக்குப் பின்னால் விரலி மஞ்சள் அரை மூட்டை ஏற்றினேன்.
சமன் வந்துவிட்டது.
நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தால்
சாக்கின் அடி நனைந்து
எங்கள் பின்னால் காவிரியில் நீளமாய் ஒரு மஞ்சள் கோடு.
துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கேட்டாள்:
"யாருக்குங்க கல்யாணம்?"
செங்கோட்டுவேல் சிரித்த சிரிப்பில்
துடுப்பு போய்விட்டது.
அதைக் கையால் துழாவித் துழாவிப் பிடிக்கப் பதினோரு நிமிடம்.
பிறகு மணல் மூட்டைக்கு மாறினோம்.

போட்டி இதுதான்:
நாலு கிலோமீட்டர் எதிர்த்துப் போய்
மிதவையைச் சுற்றி நாலு கிலோமீட்டர் திரும்பவேண்டும்.
எழுபத்தைந்து நிமிடம் தாண்டினால்
மீட்புப் படகு வந்து கயிறு போட்டு இழுத்துவிடும்.
எங்களுக்கு எண்பத்தொன்று ஆனது.
பிறகு எழுபத்தொன்பது.
பிறகு, ஏனென்று தெரியாது, எண்பத்து நாலு.

போகும்போது பிடுங்கியதை
வரும்போது ஆறு திருப்பித் தந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன்.
எழுதிக் கூட்டிப் பார்த்தேன்,
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கத்தில்.
தருகிறது. முழுசாகத் தருவதில்லை.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.
இதை நான்தான் இருபது வருடமாய்
விவசாயிகளிடம் நேராகப் பார்க்காமல் சொல்லிவந்திருக்கிறேன்:
கழிவு போக இவ்வளவுங்க.

காலை பேப்பரில் இப்போது முதலில் படிப்பது
மேட்டூரில் விநாடிக்கு எத்தனை கன அடி.
நேற்று கூட்டித் திறந்துவிட்டார்கள்.
சங்ககிரிப் பக்கத்திலிருந்து முத்துக்கருப்பன் போன் செய்தார்,
குரலே நனைந்திருந்தது:
"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சுங்க!"
சந்தோஷம்ங்க என்றேன்.
சந்தோஷம்தான்.
போனை வைத்துவிட்டு
எழுபத்தேழோடு இன்னும் மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டேன்.

அதனால் கழிக்க ஆரம்பித்தோம்.
செங்கோட்டுவேல் ஒரு வாரம் பரோட்டாவை விட்டான்,
இரண்டு கிலோ குறைந்தது, கோபம் கூடியது.
டார்ச், சாப்பாட்டுத் தூக்கு, ஸ்பானர் பை, எல்லாம் கரையில்.
மணல் மூட்டையிலிருந்து இரண்டு படி மணல்.
எதிர்த்துப் போகையில் நடு ஆற்றை விட்டு
நாணல் ஓரமாய் ஒட்டிப் போகவேண்டும்,
அங்கே ஆறு கொஞ்சம் அசந்திருக்கிறது.
இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.
மிதந்துபோன ஒரு தேங்காய் மட்டை
அங்கே போய் நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

உள்ளங்கையில் நாலு கொப்புளம்.
மஞ்சள்தான் வைத்திருக்கிறேன்,
கடை மஞ்சள், கணக்கில் எழுதாதது.

நாளைக்கு எங்கள் எண் முப்பத்தொன்று.
துணியில் அச்சடித்துத் தந்திருக்கிறார்கள்.
சட்டையில் குத்த நாலு ஊக்கு வேண்டும்.
வீட்டைப் புரட்டியும் மூன்றுதான்.
நாலாவதைச் சாந்தாமணி
தோளில் மடிப்புக்குக் குத்தியிருந்ததைக் கழற்றித் தந்தாள்.
"திருப்பிக் கொண்டாங்க" என்றாள்,
விளக்கை அணைத்தபடி.