செத்தவனுக்கு எந்த நூற்றாண்டு

எங்கள் முகாமில் இது ஆயிரத்து நானூற்றுப் பத்து.
உருளைக்கிழங்கை இன்னும் யாரும் பார்த்ததில்லை;
தக்காளிக்குக் கடல் தாண்டத் தெரியாது.
போலந்து மழை மட்டும்
எந்த ஆண்டுக்கும் அடங்காமல் பெய்கிறது.

ஈர விறகை ஊதி ஊதி
முதலில் தீப்பிடித்தது என் கண்ணில்தான்.
வாற்கோதுமை வேகவில்லை. வெங்காயம் கருகிவிட்டது.
மரக்கரண்டியில் ஒரு வாய் எடுத்த போகுமிலா
"அசல் ருசி" என்றாள்,
விழுங்காமல்.

பிற்பகல் மூன்று மணிப் போரில்
ஈட்டி பாய்ந்து செத்த செஸ்வாவ்
இரவில் கூடாரத்துக்குப் பின்னால்
கவசத்தோடு குந்தியிருந்தான்.
மொறுமொறுவென்று சத்தம்.
எலியென்று விளக்கைத் தூக்கினேன்.
மடியில் சிப்ஸ் பொட்டலம்.

சமையல் சட்டம் எழுதியவளே நான்தான்.
இடுப்பில் கைவைத்து நின்றேன்.
அவன் மெல்வதை நிறுத்தாமல் கேட்டான்:
"செத்தவனுக்கு எந்த நூற்றாண்டு, ஹால்ஷ்கா?"

யோசிக்க வேண்டியிருந்தது.
பக்கத்தில் உட்கார்ந்தேன்.
பொட்டலம் காலியாகும்வரை
பதில் வரவில்லை.

விரல் உப்பை நக்கிவிட்டு
சாம்பல் அள்ளிச் சட்டி தேய்க்கப் போனேன்.
அடியில் பிடித்திருந்த கோதுமை
இப்போதுதான்
வெந்திருந்தது.