ஆயுதம்

"மூத்தவன் ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளையோ?"
டொக்டர் ஷிஃப்னா கேட்டதும்
எனக்கு முதலில் ஞாபகம் வந்தது
சம்பூர்ப் பக்கம் விழுந்த செல்.
பிறகுதான் அந்தக் குறடு.

ரெண்டும் ஒரே இரவு.

ஸ்கான் திரையில் சாம்பல் நிறமாய் என் உள்.
எலும்பை விட்டுத் தசை கழன்ற இடத்தைப்
பேனை முனையால் தொட்டுக் காட்டினா.
வலப்பக்கம்,
கட்டை இருக்க அறுந்துபோன தோணிக்கயிறு.

பதினெட்டு வருசம் இதைத்தான்
பெத்தவளுக்கு உள்ளதுதானே என்றார்கள்.
இறால் பெட்டி தூக்காதே என்றார்கள்,
தூக்க வேறு ஆளையும் காட்டாமல்.

முந்தின தையில் ஒப்பரேசன்.
தையலில் பிழையில்லை.
ஏற்றிக் கட்டினதைத் தாங்க
கீழே ஒன்றுமில்லை, அதுதான்.
ஆடிக்குள், ஒரு தும்மலோடு,
திரும்ப இறங்கிட்டுது.

"இன்னொருக்கா செய்யலாம், தவநிதி.
இன்னொருக்கா இறங்கவும் கூடும்.
வளையம் வைச்சுப் பார்ப்பமோ?"

கூடும் என்ற சொல்லை
ஒருத்தரும் எனக்கு முதல் தரவில்லை.

வளையத்தோடு வெளியே வாறன்.
ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மான்
என் கிளினிக் கொப்பியின் ஓரத்தைக் கடிக்குது.

விடடி.
அதிலதான் நடந்தது எழுதிக் கிடக்கு.